புகை போட்டால் கடமை முடிந்ததா?

தமிழ்நாட்டில் டெங்குவுக்கு 2012இல் 66 பேர் பலியானார்கள். 2017இல் 65 பேர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆட்சியில் இருப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளின் கணக்கை எடுத்துக்காட்டி, உயிரிழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 2024இல் இறந்தவர்கள் 13 பேர் என்பதைப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால், அவர்கள் அழுத்திச் சொல்லாத கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2017இல் டெங்கு கண்டவர்கள் ஏறத்தாழ 23 ஆயிரம் பேர். 2024இல் அந்த எண்ணிக்கை 27 ஆயிரத்தைத் தாண்டியது.

உயிர்கள் காப்பாற்றப்பட்டதற்கான பாராட்டு, இரவு பகலாகக் காய்ச்சல் வார்டுகளில் நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உரியது. நோய் வராமல் தடுப்பதற்கென்றே இருக்கும் பொது சுகாதாரத் துறை அந்தப் பாராட்டில் பங்கு கேட்க முடியாது. பரிசோதனைகளைப் பெருக்கியதால்தான் எண்ணிக்கை கூடியது என்று துறை விளக்கம் சொல்லக்கூடும். அப்படியானால் முன்பு கண்டுபிடிக்காமல் விட்டது எத்தனை ஆயிரம் என்ற கேள்விக்கும் அது பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே ஆண்டில் 27 ஆயிரம் பேருக்கு நோயைக் கொடுத்த கொசு, நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் யாரும் கேட்பாரின்றிப் பெருகியிருக்கிறது என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

இது சாதாரணத் துறை அல்ல. சிகிச்சைக்கு ஓர் இயக்குநரகம், நோய்த் தடுப்புக்குத் தனி இயக்குநரகம் என்று பிரித்து வைத்து, அதற்கெனத் தனிப் பணியாளர்களையும் வளர்த்த மாநிலம் இது. நாட்டிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரத்துக்கென விரிவான சட்டம் இயற்றப்பட்டதும் இங்கேதான். 1939ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. நூற்றாண்டு கண்ட இத்தகைய துறை, காய்ச்சல் பரவிய பிறகு புகை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை.

புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை அது தொடுவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணிகளுக்கு இடையிலும் பதுங்கும். மாலையில் தெருவில் விடும் புகை அந்த மூலைகளை எட்டுவதே அரிது. நோய் கண்ட வீட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் உடனடியாகக் கட்டுப்படுத்த அது உதவலாம். அதையே தடுப்புப் பணியாகக் காட்டுவது மக்களை ஏமாற்றுவதாகும்.

உண்மையான தடுப்புப் பணிக்கு விளம்பரம் கிடைக்காது. ஏடிஸ் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதனால், வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போக வேண்டும். சிமெண்ட் தொட்டி, பழைய டயர், ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு என ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் ஈரமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தேய்த்துக் கழுவ வைக்க வேண்டும்; கொட்ட முடியாத தொட்டியில் அபேட் மருந்து ஊற்ற வேண்டும். அக்டோபர் மழையில் கொசுவாகப் போகும் முட்டைகளைக் கோடையிலேயே அழித்தாக வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவர்கள் டிபிசி என்று அழைக்கப்படும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள். நோய்த் தடுப்பின் முதல் வரிசையில் நிற்கும் இவர்கள் தினக்கூலிகள். ஆட்சியர் நிர்ணயித்த கூலியை முழுதாகக் கொடுங்கள், மாதம் முழுவதும் வேலை கொடுங்கள், பி.எஃப். பிடியுங்கள் என்று பல மாவட்டங்களில் இவர்கள் ஆட்சியர் அலுவலக வாசல்களில் நின்று கேட்டுவிட்டார்கள். கொசுவுக்கு விடுமுறை கிடையாது. அதைத் தேட வேண்டியவர்களைப் பருவத்துக்குப் பருவம் அழைத்துக்கொண்டு, பிறகு வீட்டுக்கு அனுப்புவது என்ன நிர்வாகம்?

இவர்களுக்குக் கூலி தருவது உள்ளாட்சி அமைப்பு. வேலையைக் கண்காணிக்க வேண்டியது சுகாதார ஆய்வாளர். கூலி பற்றிக் கேட்டால் சுகாதாரத் துறை உள்ளாட்சியைக் காட்டுகிறது. கொசு பற்றிக் கேட்டால் உள்ளாட்சி சுகாதாரத் துறையைக் காட்டுகிறது. கண்காணிக்கவாவது ஆள் இருக்கிறார்களா? 2023இல் இரண்டாம் நிலை சுகாதார ஆய்வாளர் பணிக்கு மட்டும் 1,066 இடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே அறிவிப்பில் விண்ணப்பம் கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒருசேர நிரப்ப வேண்டிய நிலை ஓர் இரவில் வந்துவிடாது. ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்கு அந்த அறிவிப்பே சாட்சி.

வீட்டில் புழு இருந்தால் குடியிருப்பவருக்கு நோட்டீஸ், அபராதம். காவல் நிலைய வளாகங்களில் மழைநீர் தேங்கிக் கிடக்கும் பறிமுதல் வாகனங்களுக்கும், அரசுப் பணிமனைகளில் குவிந்த டயர்களுக்கும் யார் அபராதம் விதிப்பது? குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில், மக்கள் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? குடிநீர் வழங்கத் தவறிய நிர்வாகமே, தண்ணீர் சேமித்த குடும்பத்தைக் குற்றவாளியாக்குவது அநீதி.

நோயின் பெயரைச் சொல்லத் தயங்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். டெங்குவுக்கு ‘மர்மக் காய்ச்சல்’ என்று பெயர் சூட்டினால் புள்ளிவிவரம் அழகாகலாம். பக்கத்து வீட்டுத் தொட்டியைச் சோதிக்க ஆள் வரமாட்டார்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலையும், மாதந்தோறும் குறித்த தேதியில் முழுக் கூலியும் வழங்க வேண்டும். அவர்களுக்குப் பொறுப்பான துறை எது என்பதை ஒரே அரசாணையில் அறுதியிட வேண்டும். சுகாதார ஆய்வாளர் காலியிடங்களை முழுமையாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் அந்த வாரம் எத்தனை வீடுகள் சோதிக்கப்பட்டன, எத்தனையில் புழு இருந்தது என்பதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அரசு வளாகங்களில் முதலில் சோதனை நடத்தி, தவறிய அதிகாரியிடமிருந்து அபராதம் வசூலிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை எப்போது வரும் என்பது துறைக்குத் தெரியாத செய்தி அல்ல. அதற்கு முன்பே இவற்றைச் செய்து முடிக்காமல், அடுத்த அக்டோபரிலும் புகை வண்டியையும் 2012, 2017 கணக்கையும் கொண்டு வந்தால், அதற்குப் பிறகு ஏற்படும் ஒவ்வொரு டெங்கு மரணத்துக்கும் துறையின் உயரதிகாரிகளும் அமைச்சரும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். வார்டு வாரியான சோதனைக் கணக்கை இந்த மாதமே வெளியிட்டுத் திருத்தத்தைத் தொடங்கட்டும்.