மேஜர் ரொஜர்ஸ் மீது விழுந்தது தீர்ப்பல்ல

பதுளை, ஹப்புத்தளை, நுவரெலியா பக்கங்களில் மேஜர் ரொஜர்ஸைப் பற்றிக் கேட்டால் கிடைக்கிற கதை ஒன்றுதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக்கொன்ற வெள்ளைக்காரத் துரை. அந்தப் பாவத்துக்கு இடி விழுந்து செத்தார். செத்த பிறகும் பாவம் விடவில்லை. நுவரெலியாவில் இருக்கும் கல்லறை மீதும் இடி விழுந்து கல் பிளந்தது, இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது. வழிகாட்டிகள் இதைப் பயணிகளிடம் சொல்கிறார்கள், பெரியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற திருப்தியோடு எழுந்து போகிறார்கள். அந்தத் திருப்தியைத்தான் நான் எதிர்க்கிறேன். கணக்குத் தீரவில்லை. இடிக் கதையை நம்புகிறவரை தீரவும் தீராது.

முதலில் அந்த மனிதர் யார் என்று பார்க்க வேண்டும். தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், இலங்கை ரைபிள் படையின் மேஜர். 1830களின் நடுவிலிருந்து 1845 வரை பதுளையில் அரசாங்கம் என்றால் பெரும்பாலும் அவர்தான். உதவி அரசாங்க அதிபர் அவர், மாவட்ட நீதிபதியும் அவர், படைத் தளபதியும் அவர். வரி கேட்ட கை, தீர்ப்பு எழுதிய கை, பாதை வெட்டச் சொன்ன கை, துப்பாக்கி பிடித்த கை எல்லாம் ஒன்றே. 1818இல் ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயப் படை வெல்லஸ்ஸவின் ஊர்களையும் வயல்களையும் நாசமாக்கிவிட்டுப் போய் இருபது ஆண்டுகூட ஆகாதபோது அவர் பதவி தொடங்கியது. அப்படி நொறுங்கிக் கிடந்த ஒரு நாட்டில் இத்தனை அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்தால், அவர் என்ன செய்தாலும் தட்டிக்கேட்க ஆளிராது.

அவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று ஜேம்ஸ் எமர்சன் டெனண்ட் 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் எழுதினார். பிரஷ்ய இளவரசர் வால்டிமாரோடு 1844இல் இலங்கை வந்த மருத்துவர் ஹொஃப்மைஸ்டர், ரொஜர்ஸின் வீட்டில் ஓர் அறை முழுக்கத் தந்தம் கிடந்ததையும் வராந்தாக் கதவுகளில் பெரிய தந்தங்கள் நின்றதையும் பதிந்து வைத்திருக்கிறார். அவர் தரும் கணக்கு 1,300க்கு மேற்பட்ட யானைகள். அவற்றில் கொம்பன்கள் அறுபதே. பதுளையில் இருந்த பத்துப் பதினோரு ஆண்டுகளிலேயே இத்தனையும் நடந்தது என்று வைத்தால், வாரத்துக்கு இரண்டு யானைக்கு மேல் வருகிறது. ஒரு மாவட்ட நீதிபதிக்கு இதற்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய மேலதிகாரிகளுக்கு இது குற்றமாகத் தெரியவே இல்லை. நூற்றுக்கு ஐந்து யானைக்குக்கூடத் தந்தமில்லாத நாட்டில் இந்தக் கொலையைத் தந்த ஆசையால் மட்டும் விளக்கவும் முடியாது.

1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் அவர் இறந்தார். புயலுக்கு விடுதியில் ஒதுங்கியவர், மழை விட்டதா என்று பார்க்க வராந்தாவுக்குப் போனபோது மின்னல் தாக்கியது என்பார்கள். ஹப்புத்தளைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: தெற்கே சமவெளி வரை மலை செங்குத்தாக இறங்கும் ஒடுங்கிய மேட்டு விளிம்பு அது. இடிமின்னல் வந்தால் அந்த விளிம்பில் நிற்கிற எவருக்கும் ஆபத்துதான். மின்னல் உயர்ந்த இடத்தைத் தேடி இறங்கும். நிற்பவரின் பாவ புண்ணியத்தை அது பார்க்காது.

பாவத்துக்கு இடி என்றால், மற்றவர்களுக்கு ஏன் விழவில்லை? இந்த நாட்டின் பெருந்தெருக்களை அமைத்த மேஜர் தோமஸ் ஸ்கின்னர், ரொஜர்ஸின் எண்ணிக்கையில் கிட்டத்தட்டப் பாதி யானைகளைக் கொன்றவர் என்று அதே டெனண்ட் எழுதுகிறார். ஸ்கின்னர் அரை நூற்றாண்டு இலங்கையில் உத்தியோகம் பார்த்துவிட்டு 1877இல், எழுபது வயது தாண்டி, இங்கிலாந்தில் இறந்தார். கப்டன் கல்வே என்ற இன்னொரு வேட்டைக்காரர், டெனண்ட் கணக்கில், ரொஜர்ஸின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் கொன்றார். நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்த சாமுவேல் பேக்கர், இலங்கையில் தான் ஆடிய வேட்டையைப் புத்தகமாகவே எழுதிப் புகழ் பெற்றார், சர் பட்டமும் பெற்றார், 1893இல் முதுமையில் மறைந்தார். நால்வரில் ஒருவருக்கு மின்னல். இதை நீதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இடிக் கதை செய்கிற பெரிய கேடு, அது ஓர் ஆளை மட்டும் கூண்டில் ஏற்றி அரசாங்கத்தை வெளியே விட்டுவிடுவதுதான். யானையைக் கொல்வது அன்று குற்றமல்ல. கொன்றவருக்குத் தலைக்குச் சில ஷில்லிங் என்று அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் அப்படி அழிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் தென் மாகாணத்தில் ஏறக்குறைய 2,000. ரொஜர்ஸ் இறந்த பிறகும் கொலை நிற்கவில்லை என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. மலையில் கோப்பிக்காகக் காடு சரிந்துகொண்டிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியாக்கியது. ஆளுநர் ஸ்டூவர்ட் மெக்கன்ஸி உட்பட உயர் அதிகாரிகளே காணி வாங்கித் தோட்டக்காரர் ஆனார்கள். அந்தத் தோட்டங்களுக்குத்தான் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் காடு வழியாக நடந்து வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். காட்டை அழித்து யானையை விரட்டிய அதே கொள்கைதான் அவர்களையும் இங்கே கொண்டுவந்தது. வானத்திலிருந்து வந்த ஒரு மின்னலால் இதற்கெல்லாம் தண்டனை முடிந்தது என்று நாம் எப்படி நம்புவது?

இன்னொன்று எனக்கு இன்னும் வலிக்கிறது. இயற்கை பாவிகளைத் தேடித் தண்டிக்கும் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அந்த வாதம் நம் வீட்டுக்கும் வரும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன்கள் மீது மலை சரிந்தது. மண்ணுக்குள் போனவர்கள் கூலிக்குக் கொழுந்து பறித்த குடும்பங்கள். அவர்கள் எந்த யானையைக் கொன்றார்கள்? அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. போய் வீடு கட்ட மாற்றுக் காணி இல்லாமல் சனம் அங்கேயே இருந்தது. அதை விதி என்றவர்களும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மண்சரிவுகள், மறுபடியும் சாவுகள். ரொஜர்ஸுக்கு விழுந்த இடியைத் தெய்வத் தீர்ப்பு என்கிற வாய், மீரியபெத்தையை விதி என்று சொல்லாமலிருக்க முடியாது. இரண்டும் ஒரே நம்பிக்கை. காணி கொடுக்காதவர்களுக்கும் எச்சரிக்கையைக் கோப்பில் போட்டு மூடியவர்களுக்கும் அது பெரிய பாதுகாப்பு.

யானைகளுக்கும் இந்தக் கதையால் ஒரு நன்மையும் விளையவில்லை. 2023இல் மட்டும் இலங்கையில் 480க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அவற்றில் பலவற்றைக் கொன்றவை சூடு, மின்சார வேலி, தீனிக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி. அதே ஆண்டில் யானை அடித்து இறந்த மனிதரும் நூற்றுக்கு மேல். மொனராகலைப் பக்கத்துச் சேனை விவசாயியைப் பாவி என்று ஏசுவது சுலபம். யானை நடக்கும் வழியில் காணியை யார் பிரித்துக் கொடுத்தது, வேலி ஏன் இடம் மாறி நிற்கிறது என்று கேட்பதுதான் கடினம், அதுதான் தேவை.

பதுளையில் புனித மார்க் தேவாலயம் 1857இல் ரொஜர்ஸின் நினைவாகவே கட்டி முடிக்கப்பட்டது. நண்பர்களும் அவரைப் போற்றியவர்களும் எழுப்பியது என்று அங்குள்ள கல் சொல்கிறது. அவருடைய பதவிகளையும் மின்னலையும் சொல்லும் அந்தக் கல், யானைகளைச் சொல்வதில்லை. ஊர்க் கதையோ யானையையும் இடியையும் சொல்லி, பதவியை மறந்துவிடுகிறது. ஆசிரியர்களே, வழிகாட்டிகளே, பிள்ளைகளை அந்தக் கல்லின் முன் நிறுத்தும்போது அவர் பதுளையின் நீதிபதியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்துகொண்டே இதைச் செய்தார் என்பதைச் சொல்லுங்கள். யானைத் தலைக்கு வெகுமதி கொடுத்த அரசாங்கத்தைச் சொல்லுங்கள். 1845க்குப் பிறகு செத்த யானைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.