குத்தகைப் பத்திரத்தில் இல்லாதவர்கள்

2024 மே 30 அன்று இந்தியாவின் மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. கோடை வந்தாலே ஆட்சியாளர்களுக்கு ஒரே கவலைதான்: எதைக் கட்டினால் சீக்கிரம் மின்சாரம் வரும்?

புதிய அனல் மின் நிலையத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கூடங்குளத்தில் கட்டுமானம் தொடங்கியது 2002இல். முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். எரிவாயு நிலையங்கள் ஏற்கெனவே நிற்கின்றன, ஆனால் கட்டுப்படியாகும் விலையில் வாயு கிடைக்காமல் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. 2022 மே மாதத்தில் ஒன்றிய அரசு மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவைக் கையில் எடுத்து, இறக்குமதி நிலக்கரியில் இயங்கும் நிலையங்களை முழு அளவில் ஓடச் சொன்னது. அது அவசரத்துக்கு உதவும். புதிதாக ஒரு மெகாவாட்டைக்கூடச் சேர்க்காது.

மிஞ்சுவது சூரிய ஒளி. நிலம் கைக்கு வந்துவிட்டால் ஓரிரு ஆண்டில் மின்சாரம் எடுத்துவிடலாம். பொழுது சாய்ந்த பிறகு ஏறும் தேவைக்குப் பெரிய பேட்டரித் தொகுப்புகளை மாதக் கணக்கில் நிறுவ முடிகிறது. நானும் இந்தப் பக்கம்தான். 'நிலம் கைக்கு வந்துவிட்டால்' என்று போகிற போக்கில் சொல்கிறார்களே, அந்த இடத்தில்தான் என் சண்டை.

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் உள்ள பாவகடாவை எடுத்துக்கொள்வோம். வறண்ட பூமி, சட்டமன்றத்துக்கு அது தனித்தொகுதி. அங்கே சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா 2018இல் தொடங்கி 2019 முடிவதற்குள் முழுமையாக எழுந்துவிட்டது. இந்த வேகம் எப்படி வந்தது? அரசு நிலத்தைக் கையகப்படுத்தவில்லை, குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. நிலம் உடையவர் பெயரிலேயே இருக்கும். மானாவாரியில் கடலை போட்டு மழைக்கு ஏங்கியவருக்கு இது நல்ல பேரம். பெரிய பரப்பு வைத்திருந்தவருக்கு மிக நல்ல பேரம்.

அந்த நிலத்தில் களை எடுத்தவர், கடலை பறித்தவர், ஆடு மேய்த்தவர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் யார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துண்டு நிலம் வைத்திருந்த தலித்துகளுக்குத் துண்டு வாடகை வந்தது. நிலமில்லாதவருக்கு வேலை போனது, மேய்ச்சல் போனது. கிடைத்தது புல் வெட்டுவதும் தகடு துடைப்பதும் காவல் நிற்பதும். அதுவும் சிலருக்கு மட்டும், ஒப்பந்தக்காரரின் கீழ்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று கணக்கில் எடுக்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடும் கேட்கிறது. குத்தகை என்று வந்துவிட்டால் அந்தச் சட்டத்துக்கே வேலையில்லை. மிச்சமான காலத்தில் ஒரு பகுதி, கூலியாளை எண்ணாமல் விட்டதால் மிச்சமானது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினரிடம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. பட்டாவைப் பார்த்துப் பணம் போனால், அது எந்தத் தெருவுக்குப் போகும்?

சரி, நிலமே வேண்டாம், கூரையில் வைக்கலாம் என்பார்கள். 2024இல் அறிவித்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைத்தது; 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் வீடு சொந்தமாக இருக்க வேண்டும், கூரை தகடு தாங்க வேண்டும், மானியமோ தகடு பொருத்திய பிறகுதான் வரும். ஓட்டு வீட்டுக்காரரும், ஒழுகும் காலனி வீட்டுக்காரரும், பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவரும் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார்கள்?

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. மலிவான, ஏராளமான மின்சாரம் வேண்டும், அது இல்லாமல் தொழில்மயம் இல்லை என்று வாதிட்டவர் அவர். ஆகவே மின்சாரத்துக்கு எதிராக நம்மை யாரும் நிறுத்த முடியாது. அதே அம்பேத்கர்தான் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் விளைநிலம் அரசுடைமையாக வேண்டும், நிலமற்ற கூலி என்று ஒருவர் இருக்கக் கூடாது என்று எழுதினார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

நிலம் அரசுடைமையாகும் வரை பூங்காக்கள் காத்திருக்காது. இப்போதே செய்யக் கூடியவை உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறையைச் சூரிய மின் குத்தகைகளுக்கும் நீட்டுவதற்கு ஓர் அரசாணை போதாதா என்று மாநில அரசுகளைக் கேட்க வேண்டும். போதாதென்றால் சட்டத் திருத்தம் கேட்க வேண்டும். ஏக்கர் வாடகையில் ஒரு பங்கு அங்கே கூலி வேலை செய்த குடும்பங்களுக்குப் போகட்டும். ஊர்ப் பெரியவர் கைக்கல்ல, அந்தக் குடும்பத்துப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு. பூங்காவின் வேலைகளில் அவர்களுக்கு முன்னுரிமையும் நிரந்தரமும் வேண்டும். ஓரிடத்தில் வைத்த தகட்டின் மின்சாரத்தை வேறிடத்து வீட்டின் கட்டணத்தில் கழிக்கும் முறையை டெல்லி 2019லேயே அனுமதித்திருக்கிறது. பள்ளிக்கூட மாடியில் தகடு வைத்து, காலனி வீடுகளின் கட்டணத்தில் கழிப்பதற்கு எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை.