அறியாமல் ஊட்டும் மருந்து

கொங்கு நாட்டுப் பேருந்து நிலையங்களிலும் மின்கம்பங்களிலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்படுவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். குடியை மறக்கடிக்கும் மருந்தாம். குடிப்பவருக்குத் தெரியாமலே காப்பியிலோ குழம்பிலோ கலந்து கொடுத்துவிடலாமாம். நம் மஹல்லாக்களிலும் இதனை வாங்குவோர் உளர் என்பதை மறைப்பதில் பயனில்லை. முஸ்லிம் வீட்டில் குடிகாரர் இல்லை என்று மிம்பரில் முழங்குவது எளிது. வாரக்கூலி முழுவதையும் மதுக்கடையில் கொட்டிவிட்டு வரும் கணவனுக்குக் கதவைத் திறந்துவிடும் பெண்ணிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்!

அப்பெண்ணைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பொட்டலம் விற்பவனையே கேட்கிறோம்: அதனுள் இருப்பது யாது? பெரும்பாலும் அவன் அதனை எழுதுவதில்லை. மருத்துவர் எழுதித் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையே சில வீடுகளில் பொடித்துக் கலந்துவிடுகிறார்கள். 1948-இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் குடிநோய்க்குப் பயன்படக் கண்ட மருந்து அது. மது உடலில் சிதையும்போது எழும் நஞ்சினை மேலும் சிதையவிடாமல் தடுப்பதே அதன் வேலை. அதனை உண்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளியாயின் உயிருக்கே ஆபத்து. நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அதன் வீரியம் உடலில் தங்கும். ஆகவேதான், நோயாளி அறிந்து இசைந்தாலன்றி மருத்துவர் இதனைக் கொடுப்பதில்லை. தான் உண்டது இன்னதென்று அறியாதவன் எதைக் கண்டு அஞ்சிக் குடியை விடுவான்?

"சொன்னால் மறுப்பாரே" என்பார்கள். மறுக்கலாம். அதற்காக வஞ்சனை மருந்தாகிவிடுமா? மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்துத் தீங்கிழைத்தவன் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பது ஃபிக்ஹு கலையில் பாலபாடம். தேர்ந்த மருத்துவனுக்கும் நோயாளியின் அனுமதி வேண்டும் என்றே நம் இமாம்கள் பேசியிருக்கிறார்கள். கிதாபுகளைப் புரட்டும் நம் ஆலிம்கள் இந்தப் பக்கத்தை மட்டும் ஏன் விரைந்து கடக்கிறார்கள்?

இன்னொரு சாரார், மனநோய்க்குத் தரும் மாத்திரைகளும் போதையே, ஹராமே என்று வீடு வீடாகச் சொல்லி நிறுத்தச் செய்கிறார்கள். அறிவை மூடுவதனால் அன்றோ மதுவுக்கு 'கம்ர்' என்று பெயர்! மூடிய அறிவைத் திறக்கும் மருந்தை எந்த இலக்கணத்தால் அதனோடு சேர்த்தார்கள்?

பக்க விளைவுகள் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஹாலோபெரிடால் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும், ஓரிடத்தில் அமரவொட்டாத தவிப்பையும் தரக்கூடும். ஒலான்ஸபின் உடலைப் பெருக்கவைத்துச் சர்க்கரையையும் ஏற்றலாம். லித்தியம் உண்பவர் இரத்தத்தில் அதன் அளவைக் காலந்தோறும் சோதித்தாக வேண்டும். அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகள் தாமே பழக்கமாகிவிடும். இவற்றை வாய்திறந்து சொல்லாமல் சீட்டெழுதி அனுப்பும் மருத்துவரையும் நாம் விடமாட்டோம். அவருடைய மௌனமே புரளிக்காரனுக்கு முதலீடு. ஆனால் தீர்வு, மருந்தை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும்தான். அல்பிரஸோலத்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். நெடுநாள் குடித்தவர் ஒரே நாளில் விட்டாலும் அப்படியே. இரண்டு மூன்று நாட்களில் புத்தி தடுமாறி உயிரும் போகலாம். அறைக்குள் பூட்டிவைத்துத் தவ்பா செய்யச் சொல்வோர் இதை அறிவார்களா? மருத்துவமனையில் சில நாட்கள் கிடத்தி, உரிய மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் ஊசியும் போட்டுக் கரையேற்றுகிறார்கள்.

மருத்துவத்தைத் தள்ளிவைத்ததன் கொடுமையை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டு ஓட முடியாமல் கருகி மாண்டோர் உட்பட 28 பேர் இறந்தார்கள். புத்தி பேதலித்தவன்மேல் வானவர் பாவம் எழுதுவதில்லை என்று ஓதிக்கொடுக்கிறோம். அவனுக்கு விலங்கு பூட்டியவர்களோ மனிதர்கள்! 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மாரிஸ்தானில் மனநோயாளருக்கெனத் தனி இடம் இருந்தது. அப்பெருமையை மேடையில் பேசுவோர், தம் ஊர் நோயாளியைக் கோவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துச் சென்றதுண்டா? விலங்கிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் தடுத்திருக்கிறது.

துஆச் செய்ய வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் துஆவும் மருந்தும் அருகருகே நடைபெறுகின்றன. ஏர்வாடிக்கும் அம்முறை வந்தது. கொங்கு நாட்டு ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது இவ்வளவே: தொழுகை நேரம் எழுதியிருக்கும் பலகையின் கீழே, அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416-ஐயும் எழுதிவையுங்கள். பொட்டலக்காரனின் சுவரொட்டி பள்ளிவாசல் மதிலில் ஒட்டியிருந்தால் அதை இந்த ஜும்ஆவுக்குள் கிழித்தெறியுங்கள்.