நம் பிள்ளைகளை யார் எண்ணுவது?

ஒரு பள்ளியில் தமிழ் பேசும் பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தால், அல்லது ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருந்தால், அவர்களுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும். இது நாம் புதிதாக எழுப்பும் கோரிக்கை அல்ல. மாநில மொழியல்லாத தாய்மொழி கொண்ட எல்லாப் பிள்ளைகளுக்காகவும் 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு எடுத்த முடிவு. அதே 1949 முடிவை 1956இல் மத்திய அரசும் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டில்தான் அரசியல் சட்டத்தில் 350அ பிரிவு சேர்க்கப்பட்டது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய முயலும் கடமையை அது மாநில அரசின் மீதும் உள்ளாட்சி மன்றத்தின் மீதும் சுமத்துகிறது.

பத்து, நாற்பது என்ற இரண்டு எண்களில் நம் பிள்ளைகளின் தமிழ் அடங்கியிருக்கிறது. ஆனால் எண்ணுகிறவர் யார்? எப்படி எண்ணுகிறார்?

நாட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் 'யுடைஸ்' என்ற பதிவில் தன் கணக்கை ஏற்றுகிறது. ஆசிரியர் எத்தனை, வகுப்பறை எத்தனை, கழிப்பறை உண்டா, எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அதில் உண்டு. 2022-23 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பதிவு வந்துவிட்டது. 2021-22இல் நாடு முழுவதும் சுமார் 26.5 கோடிப் பிள்ளைகள் என்றிருந்த கணக்கு, 2023-24இல் சுமார் 24.8 கோடி ஆயிற்று. எண்ணும் முறை மாறிவிட்டது, பழைய எண்களோடு ஒப்பிடக்கூடாது என்றது அமைச்சகம். எண்ணும் முறைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தத் தனிப் பதிவில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தாராவியிலோ ஆண்டாப் ஹில்லிலோ இந்தி வழிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளையின் கட்டத்தில் 'இந்தி' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் தமிழ் பேசும் நாற்பது பேர் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருந்தாலும், ஏட்டில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். இல்லாத பிள்ளைக்கு எதற்கு ஆசிரியர் என்று அதிகாரி கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

அடுத்தது, ஊர்ப் பயணம். கோடையில் கோயில் கொடைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகும் குடும்பம், டிக்கெட் கிடைக்காமலோ கைப்பணம் தீர்ந்தோ ஜூலையில் திரும்புகிறது. அதற்குள் பெயரை எடுத்துவிட்டோம் என்கிறது பள்ளி. பழைய பள்ளி விடுவித்து, புதிய பள்ளி அதே எண்ணில் சேர்த்துக்கொள்ளாதவரை அந்தப் பிள்ளை இங்கும் இல்லை, அங்கும் இல்லை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருப்பதும், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் உள்ளாட்சியின் கடமை என்கிறது 9ஆம் பிரிவு.

மூன்றாவது, சாதிக் கட்டம். ஊரில் ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் பெற்றவர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகையை அங்கே கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. வழக்கு எழுந்ததே இந்த நகரத்து மருத்துவக் கல்லூரி இடத்துக்காகத்தான். சலுகை தனிப் போராட்டம். ஆனால் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி நம் பிள்ளையைப் 'பொது' என்ற கட்டத்தில் தள்ளும்போது, அவன் படிப்பை நிறுத்தினால்கூட ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை நிறுத்தினான் என்பது எந்த அட்டவணையிலும் தெரியாமல் போகிறது.

எண்ணால் கேடும் உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால், குறைந்த எண்ணிக்கையையே காரணம் காட்டிப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாம் என்ற பேச்சு எழும். ஏன் குறைந்தது? ஆசிரியர் இடம் எத்தனை நாள் காலியாக இருந்தது? தொடக்கப் பள்ளி முடித்தால் மேலே தமிழில் படிக்க நடந்து போகும் தூரத்தில் பள்ளி உண்டா? இந்தக் கேள்விகளுக்கான எண்களையும் பக்கத்தில் வைத்தால்தான் அது நியாயமான கணக்கு. முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று வட்டார சராசரி காட்டுவார்கள். ஒரே ஆசிரியர் நான்கு வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளி அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

எண்ணை ஆயுதமாக்கும் பாடம் நமக்குப் புதிதல்ல. 1927இல் இதே பம்பாயின் சட்டசபையில் கல்வி மானியத்தின் மீது பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசின் அறிக்கையிலிருந்தே எண்களை எடுத்து, எந்த வகுப்பார் பள்ளியிலும் கல்லூரியிலும் எவ்வளவு பின்தங்கி நிற்கிறார்கள் என்று எடுத்துவைத்தார். அரசால் மறுக்க முடியாதது அரசின் சொந்தக் கணக்கு!

குடிசைக்கு 1995, 2000 என்று தேதி வைத்துச் சான்று கேட்டபோது காகிதம் இருந்தவர் தப்பினார், இல்லாதவர் தெருவுக்கு வந்தார். காத்திருப்போர் பட்டியல் நீண்டால்தான் ஊர் வண்டிக்குக் கூடுதல் பெட்டி கேட்க முடிகிறது. பள்ளிக்கும் அதே நியாயம்தான்.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! பள்ளிக்குச் சென்று உங்கள் பிள்ளையின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். தாய்மொழி 'தமிழ்' என்று இருக்கிறதா பாருங்கள், தவறிருந்தால் எழுத்தில் கொடுத்துத் திருத்துங்கள். அரசுப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். காலி ஆசிரியர் இடங்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில்.

சங்கக் கிளைகள் சந்து சந்தாகத் தனிக் கணக்கு எடுக்கட்டும். வயது, வகுப்பு, வீட்டு மொழி, பள்ளித் தூரம், நின்றிருந்தால் காரணம் என ஐந்தே கேள்விகள். ஆதார் எண் வேண்டாம், வாக்காளர் அட்டை வேண்டாம். பெயர்ப் பட்டியல் கிளையை விட்டு வெளியே போகக்கூடாது. தொகை மட்டும் போகட்டும்.

2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீடு தேடி வருகிறவரிடமும் தாய்மொழி தமிழ் என்றே சொல்லுங்கள்.

நம்மை அவர்கள் எண்ணும் வரை காத்திருக்க வேண்டாம். நாமே எண்ணுவோம், நம் எண்ணை அவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்போம்!