கண்ணாடித் தளமும் கரைவலைப்பாடும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, கொலராடோ ஆறு அறுத்துச் சென்ற பெரும் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில், குதிரை லாட வடிவிலான கண்ணாடித் தளமொன்று 2007 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. பாறை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 21 மீற்றர் வெளியே நீண்டு நிற்கும் அதன்மீது நடப்பவன், தன் காலின்கீழ் வெறும் வெளியைக் காண்கிறான். அக்காட்சிக்குக் கட்டணம் உண்டு. காமெராவோ கைபேசியோ தளத்தின்மீது கொண்டுசெல்ல நெடுங்காலம் அனுமதி இருக்கவில்லை. படம் வேண்டியோர் அங்கிருந்த படப்பிடிப்பாளரிடம் விலைகொடுத்தே பெறவேண்டியிருந்தது. ஆறு பல இலட்சம் ஆண்டுகள் செய்த வேலைக்கு விலைச்சீட்டு ஒட்டும் சாமர்த்தியத்தை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

இவ்வேட்கை ஒரு நாட்டோடு நிற்கவில்லை. சீனாவின் சாங்ஜியாஜியே பள்ளத்தாக்கின்மீது 430 மீற்றர் நீளக் கண்ணாடிப் பாலம் 2016 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, கூட்டம் தாங்காமல் இரு வாரங்களுக்குள்ளேயே தற்காலிகமாக மூடப்பட்டது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீற்றர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. கடல் கொந்தளிக்கும் நாளிலும் சிலையை அடைய அப்பாலம் உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பாலம் போதும், கண்ணாடி எதற்கு? பாறையில் நின்று பார்த்த அதே கடலை, அச்சம் என்னும் மசாலா தூவி மீண்டும் பரிமாறுவதற்கே கண்ணாடி தேவைப்படுகிறது.

புத்தளக் கரைக்கும் இத்தகையதொன்று வாராதா என ஏங்கும் மனத்திற்கு முதலில் தென்படக்கூடிய இடம் குதிரைமலை. வில்பத்து வனத்தின் மேற்கோரத்திலே, செம்மண் மேடு கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் முனை அது. அல்லி அரசாணியின் கோட்டை இருந்த இடமென்றும், முத்துக் கொடுத்துக் குதிரை வாங்கிய துறையென்றும் கர்ணபரம்பரைக் கதைகள் அதனைச் சூழ்ந்துள்ளன. புறநானூறு கூறும் குதிரைமலை இதுவே என்பாரும், அது தமிழகத்தது என மறுப்பாரும் உளர். அவ்வழக்குத் தீராவிட்டாலும், காற்றையும் செம்மண்ணையும் கடலையும் காண அங்கே எவர்க்கும் கண்ணாடி வேண்டியதில்லை.

உண்மையில் இக்கரையின் பெரும் பள்ளம் மேட்டில் இல்லை, நீரினுள் இருக்கிறது. கற்பிட்டிக்கு அப்பால் கண்டமேடை முடியும் விளிம்பிலே கடலடி சடுதியாக ஆழ்கிறது. அந்த விளிம்பையொட்டியே திமிங்கிலங்கள் வருகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கடல் அமைதியாயிருக்கும் பருவத்தில், சுழலும் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் திரள்கின்றன. இரவில் இரைதேடிப் பகலில் ஓய்வது இவ்வினத்தின் இயல்பு. அவ்வோய்வு வேளையிலேதான் உல்லாசப் பயணிகளின் இயந்திரப் படகுகள் அவற்றைச் சூழ்கின்றன. கடல்வாழ் முலையூட்டிகளைப் பார்வையிடுவதற்கான விதிகள் 2012 இல் வர்த்தமானியில் வெளியாயின. ஆனால் நடுக்கடலில் விதியை வாசிப்பார் யார்? பயணி கொடுத்த பணத்துக்கு டொல்பின் துள்ளியாக வேண்டும்.

இதனால் கற்பிட்டியின் படகோட்டி நாலு காசு காண்கிறான் என்பது வாதம். காண்கிறான், அதனைப் பழிப்பது பட்டதாரி மாணவர்க்கு அழகன்று. ஆனால் படகோட்டியின் காசைக் காட்டிக் கரையின் கணக்கை மறைப்பது வேறு விடயம். கற்பிட்டியின் 14 தீவுகளையும் உள்ளடக்கிய உல்லாசப் பிரயாண வலயத் திட்டம் வகுக்கப்பட்டபோது, அத்தீவுகளில் வாடியமைத்து மீன்பிடித்தோரும் கருவாடு போட்டோரும் வரைபடத்தில் இடம்பெறவில்லை. 2010 ஐ அடுத்த ஆண்டுகளிலே காணிகள் கைமாறி வேலிகள் எழுந்தன. கரைக்குச் செல்லும் பாதைகள் அடைபட்டதாக மீனவர் முறையிட்டனர், ஊர்வலம் சென்றனர்.

கரைவலை இழுப்பதைக் கண்டவர்க்கு இதன் பொருள் விளங்கும். வள்ளம் வலையை வில்லாக வளைத்துக் கடலில் இறக்கிவர, அதன் இரு கயிறுகளையும் கரையில் இருவேறு இடங்களில் நின்று இரு கூட்டத்தார் இழுக்கின்றனர். இழுக்க இழுக்க ஒரு கூட்டம் மற்றதை நோக்கி மணலில் நகர்ந்து வரவேண்டும். இடையே ஒரு வேலி, ஒரு சாய்வு நாற்காலி வரிசை வந்தாலும் அந்தப் பாடு அழிந்தது. விடுதியின் துண்டு விளம்பரத்திலே அதே மணல் ‘மனித நடமாட்டமற்ற தூய கடற்கரை’ ஆகிவிடுகிறது. நடமாடியவரைத் துரத்தியபின் நடமாட்டம் இல்லாதது வியப்பன்று.

இயற்கையைக் காப்பதும் உல்லாசப் பிரயாணத்துறையே என்பார்க்கு ஒரு விடை: கற்பிட்டியின் பார்ப் பவளப்பாறைத் தொடர் 1992 இல் கடல்சார் சரணாலயமாக்கப்பட்டது. 1998 இலும் 2016 இலும் கடல் வெப்பத்தால் அங்கே பவளங்கள் வெளுத்தன. அப்பாறைகள் வேண்டியது வெப்பம் தணிந்த, தெளிந்த நீரை. நங்கூரம் போடும் படகுகளை அன்று.

அரிசோனாக் கண்ணாடித் தளத்தை எள்ளுவதோடு ஓர் உண்மையையும் ஒப்பவேண்டும். அது நிற்கும் மண் ஹுவாலபாய் என்னும் பழங்குடியினருடையது. வறுமைக்கு வழிதேடித் தம் நிலத்தில் தாமே அதனை அனுமதித்தனர். புனித நிலத்தில் இது தகுமா என அவர்களுக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. வாதிடவாவது அவர்களுக்கு உரிமை இருந்தது. கண்டக்குழியிலும் ஆலங்குடாவிலும் வலையிழுப்பவரிடம் அக்கேள்வி கேட்கப்பட்டதா? அடுத்த திட்டத்தின் வரைபடம் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகி, ஒவ்வொரு கரைவலைப்பாடும் அதில் பெயரோடு குறிக்கப்பட்டு, முதற்கல் நடுமுன் மீனவர் சங்கங்களின் கைக்கு வந்து சேரட்டும்.