அந்த "எனவே" செல்லாது

தனித் திரவம் ஓடும் குழாயில் துளியளவு பாலிமர் உராய்வைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது. எனவே வாயுவும் திரவமும் சேர்ந்தோடும் குழாய்க்கும் அதே சதவீதத்தைக் கணக்கில் எழுதலாம் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. 1948இல் ஆய்வாளர் டாம்ஸ் அறிவித்தது. 1979இலேயே அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் பயன்பட்டது. "எனவே"தான் பிழை.

1. பாலிமரின் நீண்ட மூலக்கூறுகள் அடக்குவது திரவத்தின் கொந்தளிப்பை. அவை வாயுவில் கரைவதில்லை.

2. செங்குத்துக் குழாயில் அழுத்த இழப்பின் பெரும்பங்கு பல நேரங்களில் திரவத்தின் எடை. எடையை எந்தப் பாலிமர் குறைக்கும்?

3. ஓட்டத்தின் வடிவமே மாறும். 2001இல் ஆய்வாளர்கள் அல்-சர்க்கியும் ஹான்ராட்டியும் 9.53 செ.மீ. கிடைக்குழாயில் காற்றும் நீரும் செலுத்தினர். வெறும் 10–15 பிபிஎம் பாலிமருக்கு இழுவை 48 சதவீதம் குறைந்தது. அருமையான முடிவு, ஆனால் காரணத்தைப் படித்தீர்களா? சுவர்ப்படலத்திலிருந்து துளிகளைப் பிய்த்தெறியும் அலைகள் அடங்கின. திரவம் சுவரைச் சுற்றிப் படர்ந்த வளைய ஓட்டம், திரவம் கீழும் வாயு மேலுமான அடுக்கு ஓட்டமானது. தனித் திரவக் குழாயில் இப்படி மாறுவதற்கு என்ன இருக்கிறது? இந்த 48ஐ, திரவக் கட்டிகள் விட்டுவிட்டுப் பாயும் குழாய்க்கு எந்த நியாயத்தில் எழுதுகிறீர்கள்?

4. தனித் திரவக் குழாயிலேயே அந்தச் சதவீதம் நிலையானதல்ல: பம்பின் சுழலி மூலக்கூறுகளை அறுத்துவிடும். பம்பைத் தாண்டிய பிறகே செலுத்த வேண்டும். அங்கிருந்தும் தூரம் செல்லச் செல்ல பலன் தேயும்.

ஓட்ட வகையைச் சொல்லாமல் சதவீதம் சொல்லாதீர்கள்.