சொல் தெரியும், வரிசை தெரியாது

பதுளைப் பக்கம் தேயிலையும் வாசனைத் திரவியங்களும் விற்கும் சகோதரர் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. "ஓடர் கன்ஃபர்ம்ட், சப்ஜெக்ட் டு சாம்பிள் அப்ரூவல்" என்று அதில் எழுதியிருந்தது. ஓடரும் கன்ஃபர்மும் சாம்பிளும் அவர் தினமும் புழங்கும் சொற்கள்தான். ஓடர் உறுதியாகிவிட்டது என்று நம்பி, கைமாற்று வாங்கிச் சரக்கெடுத்துப் பொதியும் செய்துவிட்டார். மாதிரி திருப்தியில்லை என்று அடுத்த கிழமை பதில் வந்தது. சரக்கு களஞ்சியத்தில் தங்கியது, கடன் தலையில் ஏறியது.

அவரை யாரும் ஏமாற்றவில்லை. "மாதிரி சரியென்றால்தான் ஓடர்" என்று நாம் நிபந்தனையை முதலில் சொல்வோம். அந்தக் கடிதமோ ஓடரை முதலில் சொல்லி, நிபந்தனையைப் பின்னால் வைத்தது. "சப்ஜெக்ட் டு" என்றால் "அதற்கு உட்பட்டு" என்பது பொருள். பாடசாலையில் படித்த "சப்ஜெக்ட்" இங்கே உதவாது.

எமது வியாபாரிகள் மொழிக்குப் பயந்தவர்கள் அல்லர். எந்த வகுப்புக்கும் போகாமல் கடை மேசையிலேயே சிங்களம் பழகியவர்கள். சிங்களம் இலகுவாக வந்ததற்குக் காதுப் பழக்கம் மட்டும் காரணமல்ல. "நான் நாளைக்கு சாமான் அனுப்புகிறேன்" என்பதைச் சிங்களத்தில் "மம ஹெட்ட படு யவனவா" என்கிறோம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கிலத்தில் "ஐ வில் சென்ட் த கூட்ஸ் டுமோரோ". அதாவது நான், அனுப்புவேன், சாமான், நாளை. நாம் கடைசியில் வைக்கும் வினை அங்கே ஆளுக்கு அடுத்ததாக வந்துவிடுகிறது. "கிலோ ஐந்நூறு ரூபா" என்பதும் "ஃபைவ் ஹன்ட்ரட் ருபீஸ் அ கிலோ" என்று புரண்டுவிடுகிறது.

மரபுத்தொடர்கள் இன்னும் சிக்கலானவை. "இந்த விலை கட்டாது" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் கேட்பவர் கயிற்றைத் தேடுவார். அதேபோல "ஒன் த ஹவுஸ்" என்றால் வீட்டுக் கூரையல்ல, கடைக்காரரின் செலவில் இலவசம் என்பதாகும். "இன் த ரெட்" என்றால் நட்டத்தில் ஓடுகிறது. "நெட் தேர்ட்டி டேய்ஸ்" என்றால் பட்டியல் திகதியிலிருந்து 30 நாளுக்குள் பணம். இவற்றைப் பிரித்துப் பொருள் தேடாமல் முழுதாகவே மனனமிட வேண்டும்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. தோட்டத்துக்குச் சாமான் கொடுப்பவரிடமும், எல்லயில் அறை வாடகைக்கு விடுபவரிடமும் ஆங்கிலக் காகிதம் வந்து சேர்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு ஸூரதுல் பகராவின் 282ஆவது வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. வாசித்து விளங்காத எழுத்தில் கையொப்பமிட்டால் அந்தக் கட்டளையின் நோக்கம் நிறைவேறுமா?

தடித்த இலக்கண நூல் தேவையில்லை. உங்களுக்கு வந்த பட்டியல்கள், கடிதங்களிலிருந்தே இருபது வாக்கியங்களைக் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வினை எங்கே நிற்கிறது, நிபந்தனை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கோடிடுங்கள். இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பிள்ளையிடம் கேட்பதில் வெட்கமில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் வாரமொரு மாலை இதற்காக ஒதுக்கலாம்.

யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது, ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்கள் அரை மாதத்தில் கற்றுக்கொண்டதாகத் திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. கடிதங்களைப் பிறரை நம்பி வாசிப்பிக்கக் கூடாது என்பதே அதன் காரணம். எமக்கும் அதே தேவைதான். அரை மாதம் போதாவிட்டாலும் ஆறு மாதத்தில், இன்ஷா அல்லாஹ், எமது கடிதத்தை நாமே வாசிக்கலாம்.